ஜாதகத்துக்குப் பன்னிரண்டு, இதற்கு நாலு

திருவண்ணாமலையில் செஞ்சி பஸ் ஏறினால் வழியில் கீழ்பென்னாத்தூர் வரும். மழை தப்பாத வருஷத்தில் சாலையின் இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லைகள். மணிலாக்கொட்டை என்ற பெயர் வாயில் புரண்டு புரண்டு இந்தப் பக்கத்தில் மல்லாட்டை ஆகிவிட்டது. வேர்க்கடலை என்று கேட்பவரை வெளியூர்க்காரர் என்று கடைக்காரர் கண்டுபிடித்துவிடுவார். ஊரைத் தாண்டிக் கிழக்கே போனால் செஞ்சி வருவதற்குள் மாவட்டம் மாறிவிடும். இந்தப் பக்கம் திருவண்ணாமலை, 1989இல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்தது. அந்தப் பக்கம் விழுப்புரம், 1993இல் தென் ஆற்காட்டிலிருந்து பிரிந்தது. மண்ணும் பேச்சும் எல்லைக்கு இரு பக்கமும் ஒன்றுதான். பீடியும் அப்படித்தான்.

பீடியைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது எவ்வளவு சிறிய பொருள் என்பது தெரியும். காய்ந்த இலைச் சுருள், உள்ளே ஒரு சிட்டிகை புகையிலைத் தூள், அடியில் நாலு சுற்று நூல். சிகரெட் மாதிரி அது தானாக எரியாது. இழுப்பை நிறுத்தினால் அணைந்துவிடும். அதனால் பீடிக்காரர் ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டியிருக்கிறது. டீக்கடை ஓரத்தில் கனிந்துகொண்டே தொங்கும் கயிறு ஒரு காலத்தில் இதற்காகத்தான் இருந்தது. தீப்பெட்டிச் செலவு மிச்சம்.

அந்தக் கயிற்றில் பற்றவைத்தவர்கள் எதில் செத்தார்கள்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு 1990களின் பிற்பகுதியில் ஒரு கூட்டம் வீடு வீடாக ஏறி இறங்கியது. சென்னை மாநகரில் ஒரு குழு, விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு குழு. நடத்தியவர் சென்னையைச் சேர்ந்த நோய்ப்பரவலியல் ஆய்வாளர் வேந்தன் கஜலட்சுமி. உடன் ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோ, பிரபாத் ஜா, டி.எஸ். கனகா. கனகா ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களில் ஒருவர். புகையிலை ஆய்வில் அவர் பெயரைப் பார்த்து வியப்பவர்கள் உண்டு. முடிவுகள் 2003இல் 'லான்செட்' இதழில் வந்தன. இறந்துபோன 43,000 ஆண்கள், ஒப்பிட்டுப் பார்க்க உயிரோடிருந்த 35,000 ஆண்கள். ஆய்வாளர்கள் மாவட்ட எல்லையில் நின்றுவிட்டதால் கீழ்பென்னாத்தூர் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு கீழ்பென்னாத்தூருக்குப் பொருந்தாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

கிராமத்துச் சாவுகளில் பெரும்பாலானவை வீட்டில் நடப்பவை. பதிவேட்டில் காரணம் என்று எழுதியிருப்பது மாரடைப்பு, காய்ச்சல், வயோதிகம் என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். சில சமயம் அதுவும் இருக்காது. ஆகவே களப்பணியாளர்கள் இறந்தவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மனைவியையும் மகனையும் கேட்டார்கள். எத்தனை மாதம் இருமல் இருந்தது? சளியில் ரத்தம் வந்ததா? உடம்பு இளைத்ததா? ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது இருக்கிறதா? பீடி பிடிப்பாரா, எத்தனை வயதிலிருந்து? இப்படிக் கேட்டுச் சாவின் காரணத்தைக் கண்டுபிடிப்பதை வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்பார்கள். இதே முறையில் சென்னையில் 48,000, விழுப்புரத்தில் 32,000 என மொத்தம் 80,000 சாவுகளை இக்குழு விசாரித்தது. உலகில் அதுவரை நடந்த இத்தகைய விசாரணைகளில் மிகப் பெரியவற்றில் இதுவும் ஒன்று.

அத்தனை திண்ணைப் பேச்சும் கடைசியில் நாலு கட்டத்துக்குள் வந்து விழுகிறது. ஜாதகத்துக்குப் பன்னிரண்டு கட்டம் வேண்டும். இதற்கு நாலு போதும். மேல் வரிசையில் காசநோயால் இறந்தவர்கள், கீழ் வரிசையில் ஒப்பீட்டுக்கு எடுத்தவர்கள். இடது பத்தியில் புகைத்தவர்கள், வலது பத்தியில் புகைக்காதவர்கள்.

சென்னையில் 25 முதல் 69 வயது வரையுள்ள ஆண்களைப் பற்றி அந்தக் கட்டுரை இரண்டு எண்களைத் தருகிறது. புகைப்பவர் காசநோயால் இறக்கும் வீதம் புகைக்காதவரைப் போல 4.5 மடங்கு. காசநோய்ச் சாவுகளில் நூற்றுக்கு 61 புகையால் வந்தவை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே நாலு கட்டத்தையும் ஏறக்குறைய மீட்டு எழுதிவிடலாம். நாலரை மடங்கு என்றால், புகைப்பவர்களில் விழும் ஒவ்வொரு நாலரைச் சாவிலும் ஒன்று எப்படியும் விழுந்திருக்கும், மூன்றரை கூடுதல். அந்தக் கூடுதல் 61 என்றால், புகைத்து இறந்தவர் மொத்தம் 61ஐ நாலரையால் பெருக்கி மூன்றரையால் வகுத்தது: 78. ஆக, காசநோயால் இறந்த நூறு ஆண்களில் 78 பேர் புகைத்தவர்கள், 22 பேர் புகைக்காதவர்கள். இதே வழியில் பின்னோக்கிப் போனால் ஒப்பீட்டு ஆண்கள் நூறு பேரில் 44 பேர் புகைப்பவர்கள், 56 பேர் புகைக்காதவர்கள் என்று வருகிறது. ஆய்வின் எண்கள் வயது வித்தியாசத்தைச் சமன்செய்த பிறகு வந்தவை என்பதால், இந்த மீட்பு தோராயமானது. ஆனால் கணக்கு பழக இது போதும்.

இனி வம்பு ஆரம்பிக்கிறது. இந்தச் செய்தி டீக்கடைப் பேப்பரில் வந்தால் என்ன ஆகும்?

"பீடி குடிக்கிறவன்ல நூத்துக்கு எழுபத்தெட்டுப் பேரு டி.பி.ல போய்டறானாம்ண்ணே."

"எவன் சொன்னது? எங்கப்பா எண்பது வயசு வரைக்கும் கட்டுக் கட்டா இழுத்தாரு, ஒண்ணும் ஆவல."

இரண்டு பேரும் ஒரே உருபில்தான் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். 78 என்பது இறந்தவர்களில் புகைத்தவர் எத்தனை பேர் என்பதற்கான விடை. அது புகைப்பவர்களில் இறப்பவர் எத்தனை பேர் என்பதற்கு விடையே அல்ல. நிபந்தனை நிகழ்தகவு என்று பாடப்புத்தகம் பயமுறுத்தும் விஷயம் தமிழில் ஒரு 'இல்' தான். இறந்தவர்களில், புகைப்பவர்களில். கணிதக்காரர்கள் நட்டு வைக்கும் நெட்டுக்கோடு நம் இலக்கணத்தில் ஏழாம் வேற்றுமை உருபாக ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அந்த 'இல்' எந்தச் சொல்லோடு ஒட்டுகிறதோ அதுவே வகுக்கும் எண். கீழ்பென்னாத்தூரில் செஞ்சி பஸ்ஸிலிருந்து இறங்குபவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தச் சுற்று வட்டாரத்துக்காரர்களாக இருக்கலாம். அதற்காக வட்டாரத்துக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த பஸ்ஸில் வந்தார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பஸ் விஷயத்தில் தவறாத புத்தி நோய் விஷயத்தில் தவறுகிறது, அவ்வளவே.

அப்படியானால் புகைப்பவர்களில் எத்தனை பேர் காசநோயில் இறப்பார்கள் என்பதை இதே நாலு கட்டத்திலிருந்து எடுக்க முடியாதா? இடது பத்தியைக் கூட்டினால் 78ம் 44ம் 122. அதில் 78 பேர் இறந்தவர்கள், நூற்றுக்கு 64. கணக்கு சரி, அர்த்தம்தான் இல்லை. ஏனென்றால் இறந்த நூறு பேருக்கு உயிரோடிருப்பவர் நூறு பேர் என்று வைத்துக்கொண்டது கணக்குப் போட்டவர். அவரே ஆயிரம் பேரை எடுத்திருந்தால்? கீழ் வரிசை 440, 560 என்று மாறும். இடது பத்தி இப்போது 518 பேர், அதில் இறந்தவர் 78, நூற்றுக்கு 15. பீடி மாறவில்லை, நுரையீரல் மாறவில்லை, ஆய்வாளரின் பட்ஜெட் மாறியது. 64 சரிந்து 15 ஆகிவிட்டது. எத்தனை பேரை எடுப்பது என்பது ஆய்வாளரின் விருப்பத்தில் இருக்கும்போது, அந்தத் திசையில் வகுத்து வரும் எந்தச் சதவீதத்துக்கும் மதிப்பில்லை.

இங்கேதான் சூதாட்டக்காரர்களின் பழைய கருவி கைகொடுக்கிறது. 'ஆட்ஸ்' என்று அதற்குப் பெயர். நூற்றில் 78 என்று சொல்லாமல் 78க்கு 22 என்று சொல்வது. பந்தயம் கட்டுகிறவர் "ஒண்ணுக்கு மூணு தர்றேன்" என்கிறாரே, அதே பேச்சு. மேல் வரிசையில் புகைத்தவருக்கும் புகைக்காதவருக்கும் ஆட்ஸ் 78/22, ஏறத்தாழ மூன்றரை. கீழ் வரிசையில் 44/56, முக்காலுக்குச் சற்று மேல். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஆட்ஸ் விகிதம்: 4.5. கையால் போடுகிறவர்கள் கட்டங்களைக் குறுக்கே பெருக்குவார்கள். 78ஐ 56ஆல் பெருக்கி, அதை 22ஐ 44ஆல் பெருக்கியதால் வகுப்பார்கள். விடை அதேதான்.

இப்போது ஆயிரம் பேர் எடுத்த கட்டத்தில் போட்டுப் பாருங்கள். 78 பெருக்கல் 560, வகுத்தல் 22 பெருக்கல் 440. மறுபடியும் 4.5. பத்தாயிரம் பேரை எடுத்தாலும் 4.5. கீழ் வரிசை முழுவதையும் எந்த எண்ணால் பெருக்கினாலும் அது மேலேயும் கீழேயும் வந்து அடிபட்டுப் போகிறது. இன்னொரு வேடிக்கை: வரிசைக்குப் பதில் பத்தி வழியாகப் போய், புகைப்பவர்களில் இறந்தவருக்கும் இருப்பவருக்கும் உள்ள ஆட்ஸை, புகைக்காதவர்களில் அதே ஆட்ஸால் வகுத்தாலும் அதே விடை வருகிறது. சதவீதம் 'இல்' எந்தப் பக்கம் என்று பார்த்து நிறம் மாறும். ஆட்ஸ் விகிதத்துக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். இறந்தவர் வீட்டுத் திண்ணையிலிருந்து புறப்பட்டு, இன்னும் இறக்காத பீடிக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடிவது இந்தக் குணத்தால்தான்.

இதைப் பளிச்சென்று எழுதிக் காட்டியவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்டு, 1951இல். நோய் அபூர்வமாக இருந்தால் ஆட்ஸ் விகிதமும் "எத்தனை மடங்கு ஆபத்து" என்பதும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும் என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். அதற்கு ஒரு வருடம் முன்புதான் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் லண்டன் மருத்துவமனைகளில் எடுத்த கட்டத்தை வெளியிட்டிருந்தார்கள். நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்கள்: புகைத்தவர் 647, புகைக்காதவர் 2. வேறு நோயோடு படுத்திருந்த 649 ஆண்கள்: புகைத்தவர் 622, புகைக்காதவர் 27. சதவீதத்தில் பார்த்தால் 99.7, 95.8. நாலு சதவீத வித்தியாசம். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அந்தக் காலத்து லண்டனில் புகைக்காத ஆண்பிள்ளையைத் தேடிப் பிடிக்க வேண்டும், அதனால்தான் இப்படி. குறுக்கே பெருக்கினால் 647 பெருக்கல் 27, வகுத்தல் 2 பெருக்கல் 622. பதினான்கு.

பதினான்கு மடங்கு என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதற்கு முன் அந்த '2' மேல் விரலை வைக்க வேண்டும். மொத்தக் கணக்கும் அந்த இரண்டு பேரின் தலைமேல் நிற்கிறது. புகைத்ததாகச் சொன்னவர்களில் இன்னும் இரண்டே பேர் புகைக்காதவர்களாக இருந்திருந்தால் பதினான்கு ஏழாகிவிடும். கட்டத்தில் பூஜ்யம் வந்துவிட்டால் வகுக்கவே முடியாது. அப்போது ஒவ்வொரு கட்டத்திலும் அரை சேர்த்துக் கணக்கிடுவது வழக்கம். 1950களில் அந்த அரையை முன்வைத்தவர்களில் ஒருவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957இல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் இறந்தவர். விழுப்புரத்திலும் சென்னையிலும் ஏன் பல்லாயிரம் வீடுகள் ஏற வேண்டியிருந்தது என்பதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. எந்தக் கட்டமும் இரண்டு பேரை நம்பி நிற்கக் கூடாது. சென்னையின் 4.5க்கு ஆய்வாளர்கள் தந்த எல்லைகள் 4.0, 5.0. அத்தனை நெருக்கமான வேலி ஆள்கணக்கால்தான் கிடைக்கும்.

ஆட்ஸ் விகிதம் எல்லா இடத்திலும் யோக்கியமாக நடந்துகொள்வதில்லை. அதற்கும் காசநோயிலேயே, தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு.

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தியது. வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் தலைவர். அன்றைக்கு எல்லாருக்கும் இருந்த நம்பிக்கை, காசநோய் என்றால் சானடோரியம்: நல்ல காற்று, முட்டை, பால், முழு ஓய்வு. ஆனால் அத்தனை நோயாளிகளுக்குப் படுக்கை எங்கே? நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி நெருக்கடியான சொந்த வீட்டுக்கு, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு. இரு பாதிக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கும், சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது.

இதில் ஆட்ஸ் விகிதம் போட்டுப் பார்ப்போம். 92/8 என்பது 11.5. 86/14 என்பது 6.1. ஒன்றை ஒன்றால் வகுத்தால் ஏறத்தாழ 1.9. "சானடோரியத்தில் குணமாகும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு" என்று தலைப்புப் போட ஒரு ஆள் போதும். குணமானவர்களின் சதவீதங்களை நேரடியாக வகுத்தால் 1.07 தான். கார்ன்ஃபீல்டு சொன்ன அபூர்வ நோய் என்ற நிபந்தனை இங்கே கிடையாது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு நடக்கும் காரியத்தை அபூர்வம் என்று யார் சொல்வார்கள்? குலுக்கிப் பிரித்த ஆய்வு என்பதால் இங்கே 'புகுந்தவர்களில் தேறியவர்' என்ற நேரடிச் சதவீதமே கையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஆட்ஸைத் தேடிப் போவது, வாசற்படி இருக்க ஓட்டைப் பிரித்து இறங்குவது போல. சென்னை ஆய்வாளர்கள் வாசல் வழியாகவே வந்தார்கள். 86க்கும் 92க்கும் உள்ள வித்தியாசத்தை எதிரே வைத்துக்கொண்டு, வீட்டுச் சிகிச்சை போதும் என்றார்கள். உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாகத் தொடங்கியதில் அந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு. தாம்பரத்தில் ரயில் நிலையத்தின் பெயரில் சானடோரியம் இன்னும் இருக்கிறது.

விழுப்புரத்துக்குத் திரும்பலாம். டீக்கடையில் அந்த அண்ணன் விடமாட்டார். "பீடி குடிக்கிறவன் சாராயமும் குடிப்பான், கூலி வேலைக்காரன், சரியாச் சாப்பிட மாட்டான். செத்தது எதுனாலன்னு எப்படித் தெரியும்?" இது நல்ல கேள்வி, எண்பது வயது அப்பாவை விடப் பல மடங்கு நல்ல கேள்வி. சட்டைப் பையில் தீப்பெட்டி வைத்திருப்பவர்களை எடுத்து நாலு கட்டம் போட்டாலும் காசநோய்க்கு ஆட்ஸ் விகிதம் ஒன்றுக்கு மேல் வரும். தீப்பெட்டி யாரையும் கொல்லவில்லை. இதற்கு மருந்து, கட்டத்தைக் கிழித்து இரண்டாக்குவது. புகைப்பவர்களை மட்டும் எடுத்து அவர்களுக்குள் தீப்பெட்டி உள்ளவர், இல்லாதவர் என்று ஒரு கட்டம்; புகைக்காதவர்களுக்கு இன்னொன்று. இரண்டிலும் விகிதம் ஒன்றுக்கு இறங்கிவிட்டால் தீப்பெட்டி நிரபராதி. பீடிக்கும் அப்படி வயதுவாரியாகக் கிழித்துப் பார்த்து, பிறகு சேர்த்துத்தான் எண் சொல்கிறார்கள். நோய் வந்தபின் புகை சாவை விரைவுபடுத்துகிறதா, நோயையே வரவழைக்கிறதா என்பது அடுத்த சந்தேகம். சென்னையில் உயிரோடிருந்த ஆண்களிடம் விசாரித்தபோது, முன்பு காசநோய் வந்ததாகச் சொன்னவர்கள் புகைக்காதவர்களை விடப் புகைத்தவர்களில் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தார்கள். இந்தியாவில் ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் பாதிக்குப் புகையே காரணம் என்று 2003 கட்டுரை முடித்தது இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான்.

இறந்தவர் வீட்டில் கேட்ட கேள்விகள் இப்போது இறக்காமல் தடுக்கும் இடத்துக்கு நகர்ந்திருக்கின்றன. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியது. நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் யார் சீக்கிரம் இறக்கக்கூடும் என்பதை முதல் நாளே பிரித்தெடுப்பது அதன் வேலை. இங்கே 'இல்' சரியான பக்கத்தில் நிற்கிறது: மிகவும் மெலிந்தவர்களில் எத்தனை பேர், மூச்சு வாங்குகிறவர்களில் எத்தனை பேர் என்று. அதற்கு ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். செவிலியர் எடையும் உயரமும் பார்க்கிறார், காலில் வீக்கம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறார், ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்று எண்ணுகிறார், விரலில் ஆக்சிஜன் கிளிப்பை மாட்டுகிறார். கடைசியாக, "எதையும் புடிக்காம எழுந்து நில்லுங்க, பாக்கலாம்" என்கிறார். பெஞ்சு விளிம்பைப் பிடித்திருக்கும் கை விடுகிறதா இல்லையா என்பதைப் பார்த்துச் சீட்டில் ஒரு கட்டத்தில் டிக் அடிக்கிறார்.